பன்னிரண்டுக்குப் பதிமூன்று

ஆகஸ்ட். லிமாரி மலையுச்சியில்
குழாய்த் தண்ணீர் உறைந்துவிட்டது.
குவிமாடத்தின் சங்கிலிக்கு எண்ணெய் விட்டு
ரோசெந்தோ படியிறங்கினான்.
"இன்றைக்காவது ஏதாவது மாட்டட்டும், எவுலாலியா."
வலையோடு கடலுக்குப் போகிறவளிடம் சொல்வதுபோல.

நான்கு படங்கள். எட்டெட்டு நிமிட இடைவெளி.
ஆணியடித்தாற்போல் விண்மீன்கள் நிற்க,
நகம் பட்ட கீறலாக
ஒன்று மட்டும் இடம் மாறியது.

நீளம் பதினொரு மீட்டர்.
வாரம் இருமுறை எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும்
லாரியைவிடச் சற்றே அதிகம்.
அகலம் அதில் பாதி. துருவின் சாயல்.
பெயர் கிடையாது.
ஆண்டையும் இரண்டு எழுத்தையும் ஓர் எண்ணையும்
இரவல் கொடுத்திருக்கிறார்கள்.

எழுபத்து நான்கு நொடியில் ஒருமுறை
தன்னைத்தானே சுற்றுகிறது.
மாத்தேக் குடுவையில் வெந்நீர் ஊற்றி
நான் உறிஞ்சத் தொடங்குமுன்
அங்கே ஒரு பகலும் ஓர் இரவும் தீர்ந்துவிடும்.
அந்த வேகத்தில் தூசி ஒட்டாது.
யாராவது போய் நின்றால்
உதறிவிடும்,
ஈரக் கையை உதறுவதுபோல.

விழுந்தால்?
எல்லோரும் கேட்கிற கேள்வி. ரோசெந்தோவும் கேட்டான்.
முப்பது கிலோமீட்டர் உயரத்திலேயே நொறுங்கும்.
ஒரு வெளிச்சம். நெடுநேரம் கழித்து ஓர் இடி.
கொம்பர்பலாவில் நாய்கள் குரைக்கும்.
இரண்டொருவர் ஜன்னலைத் திறந்து பார்த்து
குளிருக்குப் பயந்து மூடிவிடுவார்கள்.
அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

மறுநாள் மாலை, எங்களுக்கு முன்பே இருட்டிவிடும்
நமீபியாவிலிருந்து
ஹென்ரியெட்டே ஆறு அளவுகள் அனுப்பினாள்.
மொத்தம் முப்பத்தொரு மணிநேரப் பாதை.
உடைந்த வளையல் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு
முழு வளையலையும்
அது கிடந்த கையையும் ஊகிக்கிற வேலை.

ஊகித்தோம்.
கிட்டத்தட்ட வட்டம், கொஞ்சம் இழுபட்டது.
சூரியனை நெருங்கும்போது நம் பாதைக்கு உள்ளே,
விலகும்போது வெளியே.
மூன்று பாகைச் சாய்வு,
நிலையில் சரியாகப் பொருந்தாத கதவுக்கு இருக்குமே, அந்த அளவு.
ஒரு சுற்றுக்கு முந்நூற்றுத் தொண்ணூற்றாறு நாட்களுக்குச் சற்றுக் குறைவு.
போதாததற்கு வெயில் வேறு.
கல்லின் மாலைப் பக்கம் சுடுகிறது,
அந்தச் சூடு வெளியேறும்போது
கொசு இறகின் பலத்தில் ஒரு தள்ளு.
அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்,
கடன்காரன் காலணாவை விடாததுபோல.

விடியற்காலை நாலு மணிக்குத்தான் உறைத்தது.
அது பன்னிரண்டு சுற்று முடிக்கையில்
நாம் பதிமூன்று முடிக்கிறோம்.
அப்படியானால் பதிமூன்று வருடம் முன்பு
இதே ஆகஸ்டில், இதே திசையில்
வந்திருக்க வேண்டும்.

பழைய பேழையைத் திறந்தேன்.
மூன்றாம் படத்தின் இடது மூலை.
இருந்தது.
பக்கத்தில் குறிப்பும் இருந்தது:
"கீறல். கேமராப் பழுது. நீக்குக. எ.த."

எவுலாலியா தப்பியா.
வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பதாம் நாள்.
அன்று நிபால்தோ தொலைபேசியில் சொன்னதை
பதிவேடு சொல்லவில்லை.
வடகாற்று, ஈரப்பதம் பன்னிரண்டு,
மூன்று மணிக்கு மேல் வேலை நிறுத்தம்
என்று மட்டும் இருக்கிறது.
நிறுத்தக் காரணம் என்ற கட்டத்தில்
"காற்று" என்று பொய் எழுதியிருக்கிறேன்.

நான் வாசலில் உட்கார்ந்து அழுத நேரத்தில்
நிலாவைவிடக் கிட்டத்தில்
எழுபத்து நான்கு நொடிக்கு ஒரு தரம் புரண்டபடி
அது போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பழைய கீறலைச் சேர்த்ததும்
வளையல் மூடிக்கொண்டது.
இனி அது தொலையாது.
அடுத்த முறை ஒன்பது லட்சம் கிலோமீட்டர் தள்ளிப் போகும்.
இடிக்க வழியே இல்லை.
அந்த வருடம் எனக்கு ஓய்வு.

பதிவேட்டில் எதையும் அழிக்க முடியாது.
கீழே எழுதலாம்.
"கல். எ.த." என்று எழுதினேன்.
சற்று யோசித்துவிட்டு
"காற்று" என்ற சொல்லை அப்படியே விட்டேன்.

கிழக்கு வெளுத்தது.
சமையலறைக் குழாயில் ஒரு கனைப்பு, பிறகு
துருவோடு கலங்கிய முதல் தண்ணீர்.
ரோசெந்தோ கெண்டியைப் பிடித்தான்.