இறுகியது

அறிக்கையில் ஒரே ஒரு சொல் போதும் என்கிறார் ரங்கபாஷ்யம்:
‘இறுகியது.’

மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு மீட்டரிலிருந்து
லாரியேறித் தரமணிக்கு வந்த கல்.
தலைமுடியைவிட மெல்லிசாகத் தேய்த்து
கண்ணாடியில் ஒட்டியிருந்தார் அருள்தாஸ்.
இடைவெளி இருந்தால் நீலம் தெரியவேண்டும்,
அதற்குத்தான் நீலப் பசை ஊற்றுவது.
நீலம் இல்லை.
சாயமிட்ட பாதி முழுக்க ரோஜாச் சிவப்பு.
மணலுக்கும் மணலுக்கும் நடுவே சுண்ணாம்பு
குந்த இடம் விடாமல் குடியேறியிருக்கிறது.

இது ஒருநாள் ஆற்று மணல்.
அள்ளினால் விரலிடுக்கில் ஒழுகியிருக்கும்.
மேலே சேறு, சேற்றின்மேல் கடல்,
கடலின் அடியில் இன்னும் சேறு.
புதையப் புதையச் சூடு.
சிப்பிகள் கரைந்தன.
கரைந்தது தண்ணீரோடு ஊர்ந்து ஊர்ந்து
அழுத்தம் தளர்ந்து வாயு பிரிந்த ஏதோ ஓரிடத்தில்
இனி நடக்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது.

சர்க்கரை சூட்டில் கரையும்.
சுண்ணாம்புக்கு நேர்மாறான புத்தி.
வேளச்சேரி போர்வெல் தண்ணீரில் குளிக்கிறவர்களுக்கு
இதைச் சொல்லித்தர வேண்டாம்.
போன வாரம்தான் என் ஹீட்டர் காயிலை
வினிகரில் ஊறப்போட்டேன்.
அது ஒன்றரை வருஷத்துப் படிவு.
இது எத்தனை கோடி என்று எழுத
எனக்குக் கை வரவில்லை.

கொஞ்சம் தடித்த இன்னொரு சீவலில்,
படிகத்துக்குள் அடைபட்ட தண்ணீர்.
தண்ணீருக்குள் நிலைகொள்ளாத ஒரு குமிழி.
தட்டைச் சூடேற்றினேன். தொண்ணூறு. நூறு.
நூற்றுப் பதினெட்டில் குமிழி காணவில்லை.
அன்றைக்கு அங்கே அவ்வளவு சூடு,
குறைந்தபட்சம்.
‘வெளியே நாற்பத்தொண்ணு, மேடம்’
என்று புலம்பியபடி மோர் பாக்கெட்டைக் கடித்தார் அருள்தாஸ்.

புற ஊதா விளக்குக்கு மாற்றியபோதுதான் பார்த்தேன்.
பக்கத்தில் அடைபட்டிருந்தது தண்ணீரல்ல.
மஞ்சளாக ஒளிர்ந்தது.
எண்ணெய்.
ஒரு துளியில் கோடியில் ஒரு பங்கு இருக்குமா?
ஆனால் வந்திருக்கிறது.
கதவு சாத்திக்கொண்டிருந்தபோது வந்து
விரல் நசுங்கியவன்போல
உள்ளே கொஞ்சம், வெளியே மீதி.

மீதி எந்தப் பக்கம் போனதோ.

‘எவ்வளவு தேறும்?’ போனில் ரங்கபாஷ்யம்.
ஒன்றும் தேறாது, சார்.
‘பின்னே எதுக்கு இவ்வளவு நேரம்?’

தட்டச்சு செய்துவிட்டேன் அந்தச் சொல்லை.
பிறகு, தேவையே இல்லாமல்,
மிச்சமிருந்த சில்லில் ஒரு சொட்டு அமிலம்.
சுறுசுறுவென்று நுரைத்தது.
அத்தனை காலம் கல்லாய் இருந்த வாயு
திறந்த ஜன்னலைத் தாண்டி
பறக்கும் ரயில் போன பக்கமாகப் போயிற்று.