ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில்

கெமி நகரத்து ஜனவரியில்
பகல் ஒரு கடனாளி.
பத்து மணிக்குத் தலைகாட்டி
இரண்டு மணிக்குள் நழுவிவிடும்.

எங்கள் சுகாதார நிலையத்தில்
ஒன்றாம் மாடி குடிக்கு.
மூன்றாம் மாடி மனதுக்கு.
இரண்டாம் மாடியில் பல் பிடுங்குவார்கள்.

ரவுனோ ஹியெட்டாலா.
துறைமுகத்தில் காகிதச் சுருள் ஏற்றியவர்.
வேலை நின்ற வருடம்
அவர் காதுக்குள் யாரோ வானொலியைத் திருகினார்கள்.
முதலில் கப்பல்களின் பெயரை வாசித்தது,
பிறகு அவர் பெயரை,
பிறகு அவர் செய்தவற்றை, தேதிவாரியாக.
வோட்கா ஊற்றினால் ஒலி குறையும்.
விடிந்தால்
வட்டியோடு ஏறும்.

மூன்றாம் மாடி சொன்னது:
மூன்று மாதம் குடிக்காமல் இருந்துவிட்டு வாருங்கள்,
தெளிந்த மனதைத்தான் எங்களால் அளக்க முடியும்.
ஒன்றாம் மாடி சொன்னது:
குரல்களை அடக்கிவிட்டு வாருங்கள்,
குழுவில் மற்றவர்கள் பயப்படுகிறார்கள்.
மரியாதையாகத்தான் சொன்னோம்.
இரண்டு இடத்திலும் காபி கொடுத்தோம்.

சொன்னோம் என்றேன்.
நான் ஒன்றாம் மாடியின் செவிலி.
பயப்படுகிறார்கள் என்று எழுதிய கை
இதோ, இதுதான்.

இருதலைக் கொள்ளி எறும்பு என்று சொல்லிவிடலாம்.
எறும்புக்குக் கதகதப்பாவது மிச்சம்.
வெளியே மைனஸ் இருபத்தாறு.

அந்தச் செவ்வாய்க்கிழமை
அவர் லிஃப்டை விட்டு இறங்கவே இல்லை.
கன்னத்தில் பஞ்சு அடைத்த கிழவர்கள் ஏறினார்கள்,
தள்ளுவண்டியோடு துப்புரவுக்காரி ஏறினாள்,
ஒவ்வொருவரிடமும் கேட்டிருக்கிறார்:
மேலேயா, கீழேயா?
நல்ல வேலைக்காரன் குரலில்.

மூன்றரை மணிக்கு நான் ஏறினேன்.
என்னிடம் அதைக் கேட்கவில்லை.
"எந்த மாடியில் நான் முதலில் பைத்தியம்,
எந்த மாடியில் முதலில் குடிகாரன்?
தெரிந்தால் நீங்களே அழுத்துங்கள்."

எனக்குத் தெரியவில்லை.
கதவு மூடியது. திறந்தது.
மூடியது.
இரண்டை அழுத்தினேன்.

பல் வைத்தியரின் தாழ்வாரத்தில் நாற்காலிகள் இருந்தன.
டாக்டர் உல்பு கர்வோனெனைக் கூப்பிட்டேன்.
வீட்டுக்குப் போகக் கோட்டு மாட்டியிருந்தவர்
பொத்தானைக்கூடக் கழற்றாமல்
படியில் இறங்கி வந்தார்.
மூன்று பேரும் உட்கார்ந்தோம்.
உள்ளே யாருக்கோ துளைபோடும் சத்தம்.
ரவுனோ சிரித்தார்:
"இது வானொலியை நன்றாக மறைக்கிறது.
கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லாதீர்கள்."

அப்படித்தான் ஆரம்பம்.
ஒரே கோப்பு.
ஒரே தாளில் குரலுக்கும் குடிக்கும் மருந்து.
செவ்வாய்தோறும், பல் வைத்தியர் சாப்பிடப் போகும் நேரத்தில்.
குடித்துவிட்டு வந்தால்
குடித்துவிட்டு வந்தார் என்று எழுதுவோம்,
திருப்பி அனுப்ப மாட்டோம்.
இந்தச் செலவு எந்தத் துறையின் கணக்கு என்று
மேலிடம் கடிதம் போட்டது, இருமுறை.
பதில் கிடைக்காததால்
இன்றுவரை பல் கணக்கில் ஓடுகிறது.

மே மாதம், கடல் உறைபனி விரிசல் விட்ட வாரம்,
ஆளைக் காணோம்.
பதினோரு நாள்.
உல்பு துறைமுகம் வரை காரில் போய்ப் பார்த்தார்.
நான் தொலைபேசியைத்
தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினேன்,
தூங்கினேன் என்பது பேச்சுக்கு.

பன்னிரண்டாம் நாள் வந்தார்.
ஒரு காலில் பூட்ஸ், ஒரு காலில் யாருடையதோ செருப்பு.
தாழ்வாரம் முழுக்க வாடை.
"எவ்வளவு?"
"நேற்று இரவு வரை."
"வானொலி?"
யோசித்தார். காதைச் சாய்த்துக் கேட்டே சொன்னார்:
"இருக்கிறது. தூரத்து நிலையம் மாதிரி.
ஏதோ மொழி. என் பெயர் மட்டும் புரிகிறது."

இரண்டையும் ஒரே வரியில் எழுதினேன்.
நடுவில் காற்புள்ளி போடலாமா என்று
பேனா கொஞ்சம் நின்றது.

உல்பு அவருக்குக் காலுறை தேடப் போனார்.
மூன்றாம் மாடியில் இல்லை. ஒன்றாம் மாடியிலும் இல்லை.
பல் வைத்தியர் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்,
கம்பளி, பச்சை.

லிஃப்டில் இப்போது இரண்டாம் எண்
மற்றவற்றைவிட வேகமாகத் தேய்கிறது.
பல்வலிக்காரர்களும் அழுத்துவார்கள்தான்.