வலப்பக்கக் கதவில் ஒரு துளை

அறுபத்தாறாம் வருடம்
இந்த மெர்க்குரி பிக்கப்பைச் செய்தவர்களுக்கு
வலப்பக்கம் என்று ஒன்று இருப்பது
அவ்வளவாக உறைக்கவில்லை.
ஒரே கண்ணாடி, ஓட்டுபவர் பக்கம்.
அதற்கும் எண்பதைத் தொட்டால் குளிர்சுரம்:
பின்னால் வரும் தானிய லாரி ஒன்று
மூன்றாகப் பிரிந்து
மூன்றும் என்னைத் துரத்தும்.

விவாகரத்தில் வீடு டெல்மருக்கு,
வண்டி எனக்கு.
கையெழுத்தின் ஈரம் காயுமுன் சொன்னான்:
"கதவில் மட்டும் துளை போட்டுவிடாதே லோர்னா,
விலை பாதியாகும்."
விற்கப்போவதாக யாரிடம் சொன்னேன்?

பொட்டாஷ் சுரங்கத்தில் எனக்கு இரவு ஷிப்ட்.
பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் ஆழத்தில்
என் தலைக்கவச விளக்கு காட்டும் தூரத்தை
மேலே நெடுஞ்சாலையில்
இந்த வண்டியின் இரண்டு கண்களும் சேர்ந்து காட்டாது.
அக்டோபரில் ஒரு பெண் மூஸ்
பானெட்டை முகரும் தூரத்தில் வந்து நின்றபின்தான்
அது கால்கள் என்றே தெரிந்தது.
மரங்கள் என்று நினைத்திருந்தேன்.

வாசிலின் டிராக்டர் கொட்டகையில்
பாதி இடம், மாதம் அறுபது டாலர்.
ஹீட்டருக்குத் தனிக் காசு.

பல்பில் குற்றமில்லை.
பாட்டரியில் பன்னிரண்டரை வோல்ட்,
விளக்கு வாசலில் ஒன்பது.
நடுவழியில் மூன்றரையை யாரோ தின்கிறார்கள்.
டாஷ்போர்டின் பின்னே மல்லாந்து படுத்து
வயரைப் பிடித்துக்கொண்டே போனேன்.
எல்லா மின்சாரமும்
கட்டைவிரல் அளவு சுவிட்ச் ஒன்றின் வழியே
மூச்சுத் திணறிப் போய்வந்திருக்கிறது
இத்தனை வருடமாக.
எர்த் போல்ட்டின் அடியில்
துரு மட்டும் துருவைப் பிடித்திருந்தது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்.
ரிலே இரண்டு வைத்தேன்.
பழைய சுவிட்சுக்கு இனி சுமக்கும் வேலையில்லை,
சொல்லும் வேலை மட்டும்.
நல்லது, ஓய்வெடு.

பிறகு கதவு.

அட்டையில் வெட்டிய அச்சை டேப்பால் ஒட்டி
மூன்று மாலை பார்த்துக்கொண்டிருந்தேன்.
நீலப் பெயின்ட். தொழிற்சாலையில் அடித்தது.
நான்காம் மாலை
வாசில் டிரில்லைக் கடன் கேட்டு வந்தான்.
"இரு, முடித்துவிட்டுத் தருகிறேன்" என்றேன்.
அப்படித்தான் போட்டேன், முதல் துளையை,
ஒருவன் காத்து நிற்கிறானே என்று.

கீழே விழுந்த சுருள்களில்
நீலம் ஒரு நூல் அளவுதான்,
மிச்சமெல்லாம் வெள்ளை.
உள்ளே இரும்பு இன்றுதான் வந்தது போல் இருந்தது.
துளையின் விளிம்புக்குத் துருத்தடுப்பு பூசி,
அடியில் ரப்பர் வாஷர் கொடுத்து,
இரண்டு பக்கமும் லாரிக்கான நீளக் கண்ணாடிகள்,
மூன்று கால் வைத்தவை.
நூறிலும் அசையவில்லை.

முதல் இரவே ஓல்கா போன் செய்தாள்,
பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்:
"எதிரே வந்தது நீயா, இல்லை கர்த்தரா?
தெரிந்தால் நான் அதற்கேற்ப நடந்துகொள்வேன்."

மன்னிப்புக் கேட்டேன்.
கொட்டகைச் சுவரில் டேப்பால் கோடு இழுத்து,
இருபத்தைந்து அடி பின்னால் நிறுத்தி,
கீழ்த் திருகு அரைச் சுற்று, மேல் திருகு கால் சுற்று.
வெளிச்சத்தைக் கொண்டுவர ஒரு மாதம்;
அதற்குத் தலைகுனியக் கற்றுக்கொடுக்கப்
பதினைந்து நிமிடம்.

இன்னும் ஒன்று பாக்கி.
சிக்னலுக்குப் போட்ட எல்ஈடி
கொஞ்சமாகத்தான் கரண்ட் குடிக்கிறது.
அந்தச் சொட்டுக்கெல்லாம் துடிக்க மாட்டேன் என்கிறது
பழைய பிளாஷர்.
எரிகிறது, கண் சிமிட்டுவதில்லை.
புதியது ரெஜைனாவிலிருந்து தபாலில் வர வேண்டும்.

அதுவரை,
மைனஸ் இருபத்தாறில்,
விடியாத காலை ஏழு மணிக்கு,
ஷிப்ட் முடிந்து வரும் வழியில்
கண்ணாடிக் கதவை இறக்கி
இடது கையை முழுதாக வெளியே நீட்டுகிறேன்,
திரும்பப்போகிறேன் என்று.

இடக் கண்ணாடியில் பார்த்தேன்.
வலக் கண்ணாடியிலும் பார்த்தேன்.
பனிமேல் என் சிவப்பு விளக்குகள் தவிர
ஒருவருமில்லை.
இருந்தும்
திரும்பி முடிக்கும்வரை
கையை உள்ளே எடுக்கவில்லை.