மும்முனை

சென்னை ஆலோசகர் பதினான்காவது படத்தை ஓட்டும்போது
கரண்ட் போனது.
ஜன்னலைத் திறந்தோம். கச்சான் காற்று
கோப்புகளைப் புரட்டிப் படித்தது.
இருட்டிலும் அவர் நிறுத்தவில்லை:
நடுத்தர நகரங்களே நாளைய எஞ்சின்கள்.

என் பையில் ஒரு மனு.
ரஹ்மத் நாச்சியா, நண்டுச் சதை பிரிக்கும் கொட்டகை, கீழக்கரை.
நான்காம் முறையாக எழுதுகிறார்,
கையெழுத்து முறைக்கு முறை சிறுத்துவருகிறது.
'முப்பத்தொரு பெண்கள் வேலை பார்க்கிறோம்.
குளிரறை வாங்கி ஒன்றரை வருஷம்.
இப்போது அதில் வெங்காயம் வைத்திருக்கிறேன்.
மும்முனை மின்சாரம் தந்தால் நண்டு வைப்பேன்.'

மின்மாற்றிக்குக் கட்ட நகராட்சியில் நிதி இல்லை.
மூன்று முறையும் பதில் போட்டவன் நான்தான்.
அதே வாசகம், தேதி மட்டும் வேறு.

குளிரில்லாத நண்டு பேரம் பேசாது.
பதினோரு மணிக்குள் விற்றாக வேண்டும்.
தூத்துக்குடி லாரிக்காரனுக்கும் அது தெரியும்,
பத்தே முக்காலுக்குத்தான்
தெருமுனையில் வண்டியைத் திருப்புவான்.

அன்று நிறைவேறிய தீர்மானம்:
கடற்கரைப் பூங்கா, இசை நீரூற்று,
ஊர்ப்பெயர் சொல்லும் ஒளிரும் எழுத்துகள்.
குடம் பன்னிரண்டு ரூபாய்க்குத் தண்ணீர் வாங்கும் ஊரில்
நீரூற்றா என்றார் ஒரு கவுன்சிலர்.
கடல்நீர்தானே என்றார் ஆலோசகர்.
துரு என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை,
நானும்.

நீரூற்று மோட்டாருக்கு மும்முனை வேண்டும்.
மதிப்பீடு என் மேசையில்.
அறுபத்து மூன்று கே.வி.ஏ. போதும், நூறு என்று போட்டேன்.
கம்பம் நடும் இடத்தை
எண்பது மீட்டர் நகர்த்திக்
கொட்டகைச் சுவரோரம் புள்ளி வைத்தேன்.
காரணம்: மண் இறுக்கம்.
எங்கும் ஒரே மணல்.
யாரும் தோண்டிப் பார்க்கவில்லை.

நீரூற்று திறப்பு விழாவில் பாடியது,
நோன்புப் பெருநாள்வரை இருமியது.
இப்போது அந்தத் தொட்டியில் வலை காய்கிறது.
ஊர்ப்பெயரில் 'ழ' மட்டும் எரிவதில்லை.

லாரி ஒன்பதரைக்கே வந்துவிடுகிறது.
இன்னும் ஏமாற்றத்தான் பார்க்கிறான்,
ஆனால் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு.

காலாண்டு அறிக்கை கேட்கிறார்கள்.
நீரூற்றின் பயனாளிகள் எத்தனை பேர்?
முப்பத்தொன்று என்று நிரப்பினேன்.
மை காயும்போதுதான் நினைவு வந்தது,
வெங்காயத்தை இப்போது எங்கே வைக்கிறார் என்று
கேட்கவே இல்லை.