எட்டு பாக்கெட் பால்

மார்கழி பிறக்க ரெண்டு நாள் இருந்தது.
செய்தி வாசிக்கிறவள்
'தாழ்வு மண்டலம்' என்று சொல்லி முடிப்பதற்குள்
வண்ணாரப்பேட்டையில் பிரெட் தீர்ந்துவிட்டது.
மெழுகுவத்தி, தீப்பெட்டி, கொசுவத்திச் சுருள்,
எதற்கென்றே தெரியாமல் ரெண்டு கிலோ ரவை.
முன்னால் நின்றவர் ஆறு பாக்கெட் பால் கேட்டார்.
அரை லிட்டருக்கு வந்த நான்
எட்டு என்றேன்.
பூத்துக்காரர் பிரம்மநாயகம் நிமிர்ந்து பார்த்தார்.
"என்னவே, வீட்டுல விசேசமா?"

வீட்டில் இருப்பது நான் ஒருத்தன்.

மறுநாள் கலெக்டர் லீவு விட்டார்.
ஆற்றைப் பார்க்க ஊரே கிளம்பியது,
பொருட்காட்சிக்குப் போகிறாற்போல.
கொக்கிரகுளம் பாலத்தில் பைக் நிறுத்த இடமில்லை.
கைப்பிடிச் சுவரில் சாய்ந்து
முதுகுக்குப் பின்னால் வெள்ளம் தெரியும்படி
படம் பிடித்துக்கொண்டார்கள்.
அவித்த கடலைக்காரனுக்கு நல்ல யாவாரம்.
குறுக்குத்துறையில் கோயில் முங்கிட்டு என்றார் ஒருவர்.
பாபநாசத்தில், தான் பார்த்தே இராத மதகுகளை
ஆளுக்கொன்றாகத் திறந்துவிட்டார்கள்.
ஒருவர் முப்பதாயிரம் கனஅடி என்றார்,
அடுத்தவர் விட்டுக்கொடுக்காமல் ஐம்பது.
நானும் என் பங்குக்கு ஓர் ஐயாயிரம் கூட்டினேன்.

அப்போது ஒரு எருமை போயிற்று.
தலை மட்டும், நேராக,
ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஏதோ ஜோலி இருப்பது போல.
பாலம் பேச்சை நிறுத்தியது.
மிச்சக் கடலையைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு
ஆட்கள் வண்டியைத் தேடினார்கள்.

சாயங்காலம் கரண்ட் போனது.
எட்டு மணிக்கு டவர் போனது.
பத்து மணிக்குக் கீழ்வீட்டில் தண்ணி ஏறியது.

மூன்று வருஷமாக
"தண்ணி லாரி வந்துட்டா?" என்பதைத் தவிர
ஜெபசெல்வியிடம் நான் ஒன்றும் பேசினதில்லை.
சேலை நனைந்து மாடியேறி வந்தாள்.
பின்னால் அவள் புருஷன், தோளில் கேஸ் சிலிண்டர்.
பையன் கையில் கூண்டோடு லவ் பேர்ட்ஸ்.
அவள் இடுப்பில், பிள்ளை மாதிரி, ஒரு குக்கர்.
சோறாக்கும் என்று நினைத்தேன்.
மூடியைத் திருகித் திறந்தாள்.
நாலு சென்ட் பட்டா, ரேஷன் கார்டு,
பையனின் மார்க் ஷீட்,
அடகுக்கடை ரசீது ரெண்டு.
ஒரு சொட்டு இறங்கவில்லை.
"காஸ்கெட் போன மாசந்தான் மாத்துனேன்" என்றாள்.
அந்த இருட்டிலும் அவள் பெருமை தெரிந்தது.

என் பிரிட்ஜ் வியர்க்கத் தொடங்கியிருந்தது.
பால் விடியும்வரை தாங்காது.
இதை எழுதும் சாக்கில் நான் தர்மவான் ஆகிவிடக் கூடாது:
கெட்டுப்போகுமே என்கிற கணக்குதான்.
அதுவும் என்னிடம் இருப்பது இண்டக்ஷன் அடுப்பு.
எட்டு பாக்கெட் பாலை வைத்துக்கொண்டு
தீக்கு வழியில்லாமல் நின்றேன்.
அவள் புருஷன் மறுபடி இறங்கி
இடுப்பளவுத் தண்ணியில் அடுப்பைத் தூக்கி வந்தான்.
சீனி வாங்கவும் எனக்குத் தோன்றியிருக்கவில்லை.
அது எதிர்வீட்டு பீர்முகம்மது சார் கொடுத்தது.
மாடிப்படியில் பதினேழு பேர்,
எவர்சில்வர் டம்ளர், பிளாஸ்டிக் மக், சோப்பு டப்பா மூடி.

பகலில் கனஅடி பேசின வாய்களெல்லாம்
இப்போது படி எண்ணின.
பையன் அரைமணிக்கொரு தடவை டார்ச்சோடு போய்
வந்து சொன்னான்.
ஆறு.
ஏழு.
இன்னும் ஏழுதான்.
ஒருவரும் கூட்டிச் சொல்லவில்லை.
லவ் பேர்ட்ஸ் கூண்டின் மேல்
யாரோ துண்டைப் போட்டு மூடினார்கள்.

பத்து நாள் கழித்து
பூத் ஷட்டரில் இடுப்புயரத்துக்குச் சேற்றுக்கோடு.
அரை லிட்டர் என்றேன்.
"எட்டு இல்லையாவே?" என்றார் பிரம்மநாயகம்.
வரிசையில் ஒருவர் சத்தமாகச் சிரித்தார்.
ஆறு வாங்கினவர்.

திரும்பி வரும்போது
ஜெபசெல்வி வாசலில் மெத்தையைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.
என்னென்னவோ கேட்க நினைத்து
"தண்ணி லாரி வந்துட்டா?" என்றேன்.