சைகோன், இருபது கிராம்

பகலில் நான் முத்திரை ஆய்வாளர்.
நாகூர் மீன்கடைகளில்
தராசுத் தட்டைத் திருப்பிப் பார்ப்பேன்.
அடியில் புளி இருக்கும், காந்தம் இருக்கும்,
ஒருமுறை மென்று ஒட்டிய சூயிங்கம்.
அபராதச் சீட்டு எழுதுகையில்
என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதென்று
திட்டுக்கு நடுவே சொன்னாள் ஒருத்தி.

வீட்டில் பதினேழு தராசு வைத்திருக்கிறேன்.
ஒன்றில்கூட முத்திரை இல்லை.
எல்லாம் கடிதம் நிறுக்க மட்டுமே பிறந்தவை,
ஒரு வெங்காயம் வைத்தால் மூர்ச்சையாகிவிடும்.

இரட்டைத் தட்டு ஒன்று
தோலா எடைக்கற்களோடு வந்தது.
மேலே ஒரு தண்டு.
அதே நீளத்தில் இன்னொன்று
கீழே பெட்டிக்குள் ஒளிந்திருக்கும்.
இரண்டும் சேர்ந்தே அசைவதால்
தட்டு சாயாது, ஏறும் இறங்கும், அவ்வளவுதான்.
கடிதத்தை நடுவில் வை, ஓரத்தில் வை,
பாதியை வெளியே தொங்கவிடு,
ஒரே எடை.
இதை நம்ப எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.
ஓரத்தில் வைத்ததற்கும் அதே கனம் என்பதை
நான் வேலை பார்த்த எந்த ஆபீஸிலும் கண்டதில்லை.

போன மாசி மாதம்
காரைக்கால் பழைய சாமான் கடை மஸ்தான் கனி போன் போட்டார்.
“மேடம், கிராம் கணக்குல ஒண்ணு வந்திருக்கு.”
வாஞ்சூர் சாவடி தாண்டிப் போனேன்.
ஒரு காலத்தில் இந்தப் பக்கம் தோலா, அந்தப் பக்கம் கிராம்.
எல்லை தாண்டினால்
அதே காகிதத்துக்கு வேறு எண்.

மேலே தட்டு, கீழே பித்தளைக் குண்டு,
கால்வட்ட முகம்.
கடிதம் அழுத்தினால் குண்டு விலகி மேலேறும்.
விலக விலக அதற்குப் பிடிவாதம் கூடும்.
அதனால்தான் கோடுகள் சமமாக இல்லை:
பத்துக்கும் இருபதுக்கும் நடுவே இரண்டு விரல்,
எண்பதுக்கும் தொண்ணூறுக்கும் நடுவே நகக்கீறல்.
முதல் தாளுக்குத்தான் அது அதிகம் அசைகிறது.

மட்டமான தரை வேண்டும் அதற்கு.
என் வீடோ களிமண் மேல்.
சித்திரையில் வெடித்து ஐப்பசியில் உப்பும் மண்.
மாதம் ஒருமுறை கால்திருகைத் திருகி
முள்ளைச் சுழிக்குக் கொண்டுவருகிறேன்.
வீடு சாய்வது சுவருக்குத் தெரியுமுன்
முள்ளுக்குத் தெரிந்துவிடுகிறது.

சுழியில் நின்ற பிறகும்
என் இருபது கிராம் கல்லைப்
பதினேழு என்றது.
குண்டைக் கழற்றினேன்.
உள்ளே குடைந்து ஈயம் ஊற்றியிருந்தது.
வெளியே அதே உருவம், அதே பளபளப்பு.
இருபது வருட சர்வீஸில்
இவ்வளவு சுத்தமான திருட்டைப் பார்த்ததில்லை.

அடிப்பலகையில் பென்சில் எழுத்து:
மதலேனம்மாள். சைகோன், 20.

வீட்டுத் தராசில் யாரை ஏமாற்ற?
இருபதென்று நம்பித் தலை ஒட்டினால்
இருபத்து மூன்றரை போகும்.
அந்தக் கரையில் கண்டுபிடிப்பார்கள்.
வாங்குகிறவன் இரட்டிப்பாய்க் கட்ட வேண்டும்.
“புருஷன் அங்க ஏதோ கச்சேரியில கணக்கப்பிள்ளை” என்றார் கனி.
அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை,
விலையைத் தவிர.

கஞ்சத்தனமாக இருக்கலாம்.
மாமனார் வேலையாக இருக்கலாம்,
அவளுக்கே தெரியாமல்.
ஆனால் எனக்குத் தோன்றுவது வேறு.
ஒவ்வொரு கடிதத்துக்கும் அவன்
வரிசையில் நின்று, பைக்குள் கைவிட்டு,
சில்லறை எண்ணி வாங்கியிருக்க வேண்டும்.
காசு கொடுத்து வாங்கியதைப்
படிக்காமல் வைக்க மனம் வராது.

சட்டப்படி ஈயத்தை எடுத்திருக்க வேண்டும்.
குண்டை அப்படியே திருகி மாட்டினேன்.

நேற்று அடைமழை.
மீன்காரிக்கு எழுதிய சீட்டின் நகலை அதில் வைத்தேன்.
மதலேனம்மாள் கணக்கில் நான்கு கிராம்.
என் கணக்கில் நாலே முக்கால்,
அதில் காகிதம் குடித்த ஈரம் எவ்வளவோ.
அவள் கட்டிவிட்டாள்.
கட்டுமுன் இரண்டு தரம் படித்தாள்,
உதடு அசைய.