பாலாடைக்கட்டித் தராசு

திபிலிசி ரயிலடிச் சந்தையில்
மல்காஸ் இரண்டையும் என் முன் வைத்தான்.
சின்னது, பெரியது.
பெரியதில் எண்களுக்கென்றே வலப்புறம் தனிப்பாத்தி.
சின்னது, மூடினால் பிஸ்கட் டப்பா.
"இரண்டும் நல்லதுதான்" என்றான்.
விற்கிறவன் வேறென்ன சொல்வான்.

பக்கத்துக் கடையில் பாலாடைக்கட்டி விற்கும் சியாலாவிடம்
தராசு கேட்டேன்.
ஈரத் தட்டில் பிளாஸ்டிக் தாள் விரித்து
ஒவ்வொன்றாக ஏற்றினாள்.
ஒரு கிலோ நூற்றைம்பது.
இரண்டே முக்கால் கிலோ, சார்ஜர் தனி.
"உப்பில் ஊறவைத்தால் இன்னும் ஏறும்" என்றாள்,
சிரிக்காமல்.

என் பையில் ஏற்கெனவே இருப்பவை:
அளவு நாடா, கத்தரி, கேமரா,
ஆலங்கட்டி விழுந்த குழிகளை எண்ண
வெள்ளித்தாள் சுற்றிய நுரைப்பலகை,
சேற்றுக்கென்று ஒரு ஜோடி பூட்ஸ்.
திராட்சைக் காப்பீட்டில் சேத மதிப்பீட்டாளர் நான்.
வானம் கல்லெறிந்த மறுநாள்
மினிபஸ் பிடிக்கிறவள்.

பாஸ்போர்ட்டை அடகு வைத்து
சின்னதை ஒருநாளைக்கு வாங்கிப் போனேன்.

கொம்போரிக் கணவாயில்
முன்சீட்டுக்காரர் சாய்ந்து படுத்த பிறகும்
என் மடியில் அது திறந்தே இருந்தது.
பக்கத்திலிருந்தவர் அக்ரூட் உடைத்துத் தின்ன
இடம் மிச்சமிருந்தது.
வண்டி மலையேறியது;
பேட்டரி மலையேறவில்லை.
முடிவெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

எங்கள் எழுத்து முப்பத்து மூன்று.
ஆங்கிலப் பலகையில் இருப்பதோ இருபத்தாறு.
மீதி ஏழுக்கும் ஷிஃப்டை அழுத்தினால்தான் கதவு திறக்கும்.
சின்னதில் வலப்பக்க ஷிஃப்ட் நகத்தளவு.
அதற்கும் முன்னால்,
ரேஷன் வரிசையில் இடையில் புகுந்தவன்போல,
மேல்நோக்கும் அம்பு.
ஒயின் என்று எங்கள் மொழியில் எழுத
அடித்தொண்டையிலிருந்து கிளம்பும் ஓர் எழுத்து வேண்டும்.
ஷிஃப்ட் என்று நினைத்து அம்பை அழுத்தினேன்.
எலிஸ்பாரின் ஒயின்
ஒரு கட்டம் மேலேறி
நோதாரின் கணக்கில் போய் உட்கார்ந்தது,
அதுவும் எழுத்துப் பிழையோடு.
இருவரும் பதினோரு வருடமாகப் பேசுவதில்லை.
வேலி விஷயம்.

எலிஸ்பார் கொடிகளுக்கு நடுவே நின்றிருந்தார்.
இலையெல்லாம் சல்லடை.
மேற்கு பார்த்த காய்களுக்கு மட்டும் காயம்;
கிழக்கு பார்த்தவை ஒன்றும் தெரியாததுபோல் தொங்கின.
"காட்டு" என்றார்.
திரையைத் திருப்பினேன்.
பெயர் இருந்தது. ஊர் இருந்தது.
ரகம், நட்ட ஆண்டு, கொடிகளின் எண்ணிக்கை.
அதோடு திரை முடிந்துவிட்டது.
வெயிலுக்குக் கையை மறைத்துத் தேடினார்.
"என் நஷ்டம் எங்கே?"

வலப்பக்கம் இருக்கிறது, தள்ள வேண்டும் என்றேன்.
தள்ளினேன்.
நஷ்டம் வந்தது.
பெயர் போய்விட்டது.
"சரி, இது யாருடைய நஷ்டம்?" என்றார்.

திரும்பும் வழி முழுக்க
அது இருப்பதே தோளுக்குத் தெரியவில்லை.
அதைக் குறை சொல்ல மாட்டேன்.
ஒரே ஒருவரின் பெயரை மட்டும்
திரும்பத் திரும்ப எழுதுகிறவர்கள்
தாராளமாக வாங்கலாம்.

மறுநாள் மல்காஸ் பாஸ்போர்ட்டை நீட்டினான்.
பெரியதைப் பையில் திணித்தேன். ஜிப் பாதியில் நின்றது.
கேமராவை எடுத்துப் பார்த்தேன், திரும்ப வைத்தேன்.
நுரைப்பலகையை எடுத்தேன், அது இல்லாமல் என்ன வேலை.
சியாலா கத்தியைத் துடைத்தபடி வேடிக்கை பார்த்தாள்.
கடைசியில் பூட்ஸை எடுத்தேன்.
சந்தை நடுவிலேயே செருப்பைக் கழற்றி
மாட்டிக்கொண்டேன்.

இப்போது ஒரே வரியில்
பெயரும் நஷ்டமும் அருகருகே நிற்கின்றன.
இடது தோள் வலிக்கிறது.
தலைநகரின் பளிங்குப் படிகளில், அலுவலக லிஃப்டில்,
காகேத்தி மண்ணை உதிர்த்துக்கொண்டே போகிறேன்.
எந்தக் கணினி வாங்கினாய் என்று யாரும் கேட்கவில்லை.
"காலைத் துடை" என்கிறாள்
தரை கூட்டும் இஸோல்டா.